பழைய மார்க்கும் மயிரிழை இடைவெளியும்

நம்மவர்களில் பலர் வாப்பா காலத்தில் கீறிய மார்க்கை வைத்தே இன்றும் வியாபாரம் செய்கின்றனர். பாய்க்கப்பல், மயில், ஒட்டகம் என்று கையால் கீறப்பட்ட அந்தப் படங்களைப் பார்த்துத்தான் வாசிக்கத் தெரியாத வாடிக்கையாளரும் பக்கட்டைக் கேட்டு வாங்குகிறார். ஆனால் அதன் மூலப்படம் எங்கே என்று கேட்டால் அநேகமானோரிடம் இல்லை. பழைய அச்சகத்தோடு அதுவும் போய்விட்டது. மிஞ்சியிருப்பது ஒரு பழைய லேபல் அல்லது ஒரு தகர டின். அதை ஸ்கேன் பண்ணி, கணினியில் ட்ரேஸ் எடுத்து, புதிதாக அடிக்கக் கொடுக்கிறோம். சிக்கல் அந்த இடத்தில்தான் ஆரம்பிக்கிறது.

நான் டிசைனர் அல்லன். ஆனாலும் லேபல், ஸ்டிக்கர், பெயர்ப் பலகை என்று அடிக்கடி இந்தக் கடைகளின் கதிரைகளில் உட்கார்ந்து, வேலை செய்யும் பிள்ளைகளைக் கேட்டுக் கேட்டு அறிந்து கொண்டதை இந்த வாரம் எழுதுகிறேன். பணம் கொடுப்பவர் வேலையின் அடிப்படையையாவது தெரிந்திருப்பது நல்லது.

ஸ்கேன் செய்த படம் என்பது வெறும் புள்ளிக் கூட்டம். பெரிதாக்கினால் ஓரம் படிக்கட்டு மாதிரித் தெரியும். ட்ரேஸ் செய்யும்போது அந்தப் புள்ளிகளின் ஓரத்தைப் பின்பற்றிக் கணினி கோடுகளை உண்டாக்குகிறது. அவற்றைத் தீப்பெட்டி அளவுக்கும் அடிக்கலாம், லொறியின் பக்கத்தை நிரப்பும் அளவுக்கும் அடிக்கலாம், தெளிவு குறையாது. கோரல் ட்ரோவில் இதற்குரிய பவர் ட்ரேஸ் 2006இல் வெளிவந்த எக்ஸ் 3 பதிப்போடு வந்தது. 2003இல் தொடங்கப்பட்ட இன்க்ஸ்கேப் என்ற மென்பொருளிலும் ட்ரேஸ் வசதி உண்டு. அது முற்றிலும் இலவசம். திருட்டுக் கொப்பி தேட வேண்டிய அவசியம் இல்லை.

பழைய லேபலில் மை தேய்ந்த இடங்கள் இருக்கும். மடிப்பு விழுந்த இடத்தில் கோடு அறுந்திருக்கும். ட்ரேஸ் எடுக்கும்போது கணினி ஒவ்வொரு புள்ளியையும் கறுப்பா வெள்ளையா என்று பிரிக்கிறது. மங்கலான புள்ளி வெள்ளைப் பக்கம் போய்விட்டால் அந்த இடத்தில் கோடு அறுந்துவிடும். நமது கண் அதைச் சேர்த்தே பார்க்கும். இயந்திரத்துக்கு அந்த இரக்கம் கிடையாது.

மிளகாய்த்தூள் பக்கட் அடிக்கும் நண்பர் ஒருவரின் மார்க் பாய்க்கப்பல். பாய்க்குள் சிவப்பு நிறம் வரவேண்டும். கணினியில் இருந்த பிள்ளை எத்தனை முறை அழுத்தியும் சிவப்பு பாய்க்குள் நிற்கவில்லை. "ஹாஜியார், கோடு எங்கயோ மூடுபட்டில்ல. அதான் கலர் புடிக்குதில்ல" என்றார் அந்தப் பிள்ளை. காரணத்தைச் சரியாகத்தான் சொன்னார். ஆனால் அவசர வேலை என்பதால் இடைவெளியைத் தேடாமல், பாயின் பின்னால் ஒரு சிவப்புத் துண்டைக் கண்ணளவில் வெட்டி வைத்துவிட்டார். லேபல் பார்வைக்குப் பரவாயில்லை. பிறகு அதே பைல் லொறிக்கு ஸ்டிக்கர் வெட்டப் போனது. வெட்டும் மெஷின் நிறத்தைப் பார்ப்பதில்லை, கோட்டைத்தான் பார்க்கும். கறுப்புக் கோட்டையும் வெட்டி, பின்னால் இருந்த சிவப்புத் துண்டின் ஓரத்தையும் வெட்டி, பாய் கீலம் கீலமாகக் கழன்றது. அடுத்த இடத்தில் கப்பலைப் புதிதாகவே கீறினார்கள். அதற்கு வேறாகக் கூலி. கடைசியில் லேபலில் ஒரு கப்பல், லொறியில் இன்னொரு கப்பல், பலகையில் வேறொரு கப்பல். 'மாத்தினீங்களா, சாமானும் மாறிட்டா?' என்று வாடிக்கையாளர்கள் கேட்கத் தொடங்கிய பிறகுதான் நண்பருக்கு விடயத்தின் பாரதூரம் விளங்கியது.

திருத்தும் முன்னர், இடைவெளி எந்த வகை என்பதைப் பார்க்க வேண்டும். கோட்டின் நடுவால் ஒற்றைக் கோடாக எடுத்த ட்ரேஸ் என்றால், அறுந்த இடத்தில் இரண்டு முனைகள் இருக்கும். அவற்றை நோட் என்பார்கள். கோரல் ட்ரோவில் ஷேப் டூலாலும் இன்க்ஸ்கேப்பில் நோட் டூலாலும் அந்த இரண்டு முனைகளையும் தெரிவு செய்து இணைத்துவிடலாம். இன்க்ஸ்கேப்பில் ஷிப்ட்டும் ஜேயும் அழுத்தினால் இரண்டு முனைகளும் ஒன்றாகும். இடைவெளி அகலமாக இருந்தால் இப்படி இழுத்து ஒட்டக்கூடாது, உருவம் நெளிந்துவிடும். முனைகளுக்கிடையே புதிய துண்டுக் கோடு போட்டு, அதை வளைத்துக் கொள்ள வேண்டும். கோரல் ட்ரோவில் இரண்டும் வெவ்வேறு கோடுகளாக இருந்தால் முதலில் கம்பைன் செய்ய வேண்டும்; அதற்கு கன்ட்ரோல் எல். அதே எல்லை இன்க்ஸ்கேப்பில் அழுத்தினால் சிம்பிளிபை என்ற வேறு வேலை நடக்கும், எழுத்துகளின் முனைகள் உருகியது போல் மழுங்கிவிடும். இரண்டு மென்பொருளிலும் மாறி மாறி வேலை செய்யும் பிள்ளைகள் இதில் கவனமாக இருக்க வேண்டும்.

சாதாரண ட்ரேஸ் வேறு விதம். அது கோட்டை ஒற்றைக் கோடாக எடுப்பதில்லை. கறுப்பு மையின் இரு பக்க ஓரத்தையும் சுற்றி எடுக்கிறது. நாம் கோடு என்று நினைப்பது கணினிக்கு ஒரு மெல்லிய கறுப்புத் துண்டு. மை அறுந்த இடத்தில் அந்தத் துண்டு பிரிந்திருக்கும். பிரிந்த ஒவ்வொரு பகுதியும் தன்னளவில் நன்றாக மூடியே இருக்கும். ஆகவே "எல்லாம் குளோஸ் ஆகித்தான் இருக்கு" என்று பிள்ளை சொன்னால் அது பொய்யல்ல. ஆனாலும் பாயைச் சுற்றிய வேலி உடைந்துதான் கிடக்கிறது. இங்கே முனைகளைத் தேடிப் பயனில்லை. அதே தடிப்பில் ஒரு சிறு கறுப்புத் துண்டை இடைவெளியின் மேல் பாலம் போல வைத்து, கோரல் ட்ரோவில் வெல்ட், இன்க்ஸ்கேப்பில் யூனியன் என்ற கட்டளையால் ஒரே உருவமாக்க வேண்டும். வைத்துவிட்டு ஒன்றாக்காமல் விட்டால் வெட்டும் மெஷின் பாலத்தின் ஓரத்தையும் வெட்டும். ஒன்றாக்கிய பின் ஒரு கொப்பி எடுத்து பிரேக் அபார்ட் செய்தால் பாயின் உட்பக்க உருவம் தனியாகக் கிடைக்கும். அதற்குத்தான் சிவப்பு கொடுக்க வேண்டும். சிவப்பு கறுப்புக் கோட்டின் அடியில் சற்றே நுழையும்படி பெரிதாக்கினால், அச்சில் நிறம் கொஞ்சம் விலகினாலும் வெள்ளைக் கீற்று தெரியாது.

இன்க்ஸ்கேப்பில் பெயின்ட் பக்கட் என்று ஒன்று உள்ளது. அதில் இடைவெளியை மூடிக்கொள் என்று சிறிது, நடுத்தரம், பெரிது என அளவும் கொடுக்கலாம். சொடுக்கினால் நிறம் நிரம்பும். பார்க்கச் சந்தோசம். ஆனால் அது கோட்டைத் திருத்துவதில்லை. திரையில் தெரிவதை வைத்துப் புதிய நிறத்துண்டு ஒன்றைச் செய்கிறது. படத்தைப் பெரிதாக்கிப் பார்க்கும் அளவு மாறினால் விளைவும் மாறும். அறுந்த கோடு அறுந்தபடியே இருக்கும். கலண்டரில் அச்சிடும் படத்துக்கு இது போதும். வெட்டி எடுக்கும் எழுத்துக்கும், அக்ரிலிக் பலகைக்கும் போதாது. குடையும் மெஷினுக்கு எது உள்ளே எது வெளியே என்று தெரிய மூடிய கோடு கட்டாயம் வேண்டும்.

எனக்குப் பிடித்த வழி இவை எல்லாவற்றையும் விட எளிது. பழைய லேபலை நல்ல தெளிவில், 600 டிபிஐயில் ஸ்கேன் செய்து, நான்கு மடங்கு பெரிதாகத் தாளில் எடுத்து, அறுந்த இடங்களைக் கறுப்புப் பேனாவால் தொட்டுத் தொட்டு நிரப்பி, அந்தத் தாளைத் திரும்ப ஸ்கேன் செய்து ட்ரேஸ் எடுப்பது. பழைய சித்திரக்காரரின் கை ஓட்டம் தெரிந்தவர் வீட்டில் இருந்தால், கணினிப் பிள்ளையை விட அவர் இதைச் சரியாகச் செய்வார்.

எழுத்து விடயத்தில் மட்டும் வேறு எச்சரிக்கை. ட்ரேஸில் சிறு அழுக்குகளை நீக்கும் வசதி உண்டு. அது மெய்யெழுத்தின் புள்ளியையும் அழுக்கென்று நினைத்து அழித்துவிடும். 'கப்பல்' என்பது 'கபபல' ஆகிவிடும். அரபு எழுத்துக்குப் புள்ளி போனால் எழுத்தே மாறும். 'ண', 'ழ' போன்றவற்றின் சுழிகளும், சிங்கள எழுத்தின் வளையங்களும் மை பரவி அடைபடும் அல்லது மை தேய்ந்து திறந்துகொள்ளும். சாதாரண அச்செழுத்தென்றால் ட்ரேஸ் எடுக்காமல் புதிதாக டைப் செய்வதே மேல். கையால் கீறிய எழுத்தென்றால் மூன்று மொழியையும் அந்தந்த மொழி வாசிக்கத் தெரிந்தவர் பார்க்க வேண்டும்.

வேலையை ஏற்கும்போது திரையில் அழகாக இருப்பதைப் பார்த்துத் தலையாட்ட வேண்டாம். கோட்டை மட்டும் காட்டச் சொல்லுங்கள். கோரல் ட்ரோவில் வயர்பிரேம், இன்க்ஸ்கேப்பில் அவுட்லைன் என்பார்கள். நிறம் எல்லாம் மறைந்து எலும்புக்கூடு தெரியும். ஒட்டுப்போட்ட துண்டுகளும், ஒன்றன்மேல் ஒன்று கிடக்கும் கோடுகளும் அப்போது வெளிப்படும். இன்க்ஸ்கேப் திறந்த கோட்டுக்கும் நிறம் நிரப்பிக் காட்டும். ஆகவே நிறம் இருப்பது மூடியதற்கு அத்தாட்சி அல்ல.

மார்க்கைப் பதிவு செய்ய நினைப்பவர்களுக்கு இது இன்னும் முக்கியம். 2003ஆம் ஆண்டின் 36ஆம் இலக்கப் புலமைச் சொத்துச் சட்டத்தின் கீழ் பதிவு 10 வருடங்களுக்குச் செல்லும், பிறகு புதுப்பிக்கலாம். பதிவில் ஒரு கப்பலும் பக்கட்டில் வேறு கப்பலும் இருந்தால், போலி அடிப்பவனோடு வாதாடும்போது நமது கைதான் தளரும்.

ஓடர் கொடுக்கும்போதே, திருத்திய மூல பைல் எனக்குரியது என்று பில்லில் எழுதி வாங்குங்கள். ஜேபெக் படத்தைத் தந்து அனுப்பப் பார்ப்பார்கள். அது மீண்டும் புள்ளிக் கூட்டம்தான். சிடிஆர் அல்லது எஸ்விஜி ஒன்றும், எழுத்துகளைக் கோடாக மாற்றிய பிடிஎப் ஒன்றும் கேட்டு வாங்கி, ஒரு கொப்பியைக் கடையிலும் ஒன்றை வீட்டிலும் வையுங்கள். பழைய லேபலைக் கீறலில்லாமல் ஒரு உறையில் போட்டு அதோடு வைத்துக் கொள்ளுங்கள்.