வெள்ளையடித்தல்

தீபாவளி நெருங்கும்போது தில்லி, ஜெய்ப்பூர் போன்ற வட இந்திய நகரங்களில் வீடுகளுக்கு வெள்ளையடிப்பர். தமிழ்நாட்டில் இவ்வேலை பொங்கலுக்கு முன் நடைபெறும். நாளும் மொழியும் வேறாயினும், நெடுங்காலமாக இரண்டு இடத்திலும் வாளியில் இருந்த பொருள் ஒன்றே. அது சுண்ணாம்பு. பாட்டியின் வெற்றிலைப் பெட்டியில் இருப்பதும் அதுவே.

சுண்ணாம்புக்கல்லையோ கடற்கரையில் கிடைக்கும் கிளிஞ்சலையோ காளவாயில் இட்டு, ஏறத்தாழ 900 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் சுடுவர். அப்போது அதனுள் அடங்கியிருந்த கரியமில வாயு வெளியேறும். தூய சுண்ணாம்புக்கல் 100 கிலோவைச் சுட்டால் 56 கிலோ சுட்ட சுண்ணாம்பே எஞ்சும். மற்ற 44 கிலோவும் வாயுவாகப் போய்விடும்.

சுட்ட சுண்ணாம்பில் நீர் ஊற்றினால் அடுப்பில்லாமலேயே கொதிக்கும். இதனை நீற்றுதல் என்பர். ஒரு துளி கண்ணில் தெறித்தாலும் பார்வைக்குக் கேடு விளையும். ஆதலால் நீற்றும் இடத்தில் சிறுவர் நிற்கலாகாது. நீற்றிய சுண்ணாம்பை ஊறவைத்து, கரைத்து, துணியில் வடிகட்டுவர். சுவரில் பற்றிக்கொள்ளக் கோந்தோ கஞ்சியோ சேர்ப்பர். வெண்மை பளிச்சிடச் சிறிது நீலமும் கலப்பர். தாழை விழுதின் நுனியை நசுக்கி நாராக்கினால் அதுவே தூரிகை.

முதலில் சுவரை நீரால் நனைக்க வேண்டும். ஈரமாக இருக்கையில் பூச்சு கண்ணுக்கே புலப்படாது. வெறும் தண்ணீரைத் தடவுகிறார்களோ என ஐயம் எழும். காயக் காயத்தான் வெண்மை தோன்றும். தடிப்பாகப் பூசினால் உரிந்துவிடும். மெல்லியதாக இரண்டு மூன்று முறை பூசுவதே முறை.

உலர்ந்த பின்னும் சுண்ணாம்பு ஓய்வதில்லை. காற்றிலுள்ள கரியமில வாயுவைச் சிறிது சிறிதாக ஏற்று, காளவாயில் இழந்ததைத் திரும்பப் பெறுகிறது; மீண்டும் சுண்ணாம்புக்கல்லாகவே இறுகுகிறது.

இந்தப் பூச்சில் நுண்துளைகள் உண்டு. மழையில் சுவர் குடித்த ஈரம் அவற்றின் வழியே ஆவியாகி வெளியேறும். செங்கல்லும் சுண்ணாம்புக் காரையும் கொண்டு கட்டிய பழைய வீடுகளுக்கு இது இன்றியமையாதது. அத்தகைய சுவருக்கு ஈரத்தை வெளிவிடாத வண்ணப்பூச்சை அடித்தால், உள்ளே சிக்கிய ஈரம் அதைக் கொப்புளம் கொப்புளமாக உரித்துவிடும். நாளடைவில் காரையும் உதிரும். உரிந்த இடத்தில் மறுபடியும் அதே வண்ணத்தைப் பூசுவது பலர் செய்யும் பிழை.

சுண்ணாம்பின் காரத்தன்மையால் பூஞ்சை எளிதில் பற்றாது. அதன் வெண்மை வெயிலைத் திருப்பி அனுப்பும். அகமதாபாத்தில் 2017-இல் தொடங்கிய குளிர்கூரைத் திட்டத்தில் எளியோர் வீட்டுக் கூரைகளுக்குச் சுண்ணாம்பு பூசியது இதனால்தான். குறையும் இல்லாமலில்லை. சாய்ந்தால் சட்டையில் ஒட்டும். ஆண்டுதோறும் புதுப்பிக்க வேண்டும். கோயில் சிற்பங்களின் மேல் பூசினாலோ உளியின் நுணுக்கம் மறைந்துபோகும்.

அருஞ்சொற்பொருள்: காளவாய் – சுண்ணாம்பு சுடும் சூளை, காரை – சுண்ணாம்பும் மணலும் சேர்ந்த சாந்து, விழுது – கிளையிலோ தண்டிலோ இருந்து இறங்கும் வேர்.

விடை எழுதுக:
1. சுட்ட சுண்ணாம்பின் எடை குறைவது ஏன்?
2. பழைய வீட்டின் சுவரில் வண்ணப்பூச்சு உரிவதற்குக் காரணம் யாது?
3. உங்கள் வீட்டுப் பெரியோரிடம், அவர்தம் சொந்த ஊரில் வெள்ளையடித்த முறையைக் கேட்டு ஐந்து தொடர்களில் எழுதுக.