மான் வேட்டைக்கு இலேசான ரைஃபிள்

அமெரிக்காவில் வெள்ளைவால் மானைத் தேடி மலையேறுவோர் தூக்கும் இலேசான ரைஃபிள், ஸ்கோப் இல்லாமல் சுமார் 2.5 முதல் 3 கிலோ இருக்கும். எடை குறையக் குறையத் தோளில் உதை கூடும். விசையை இழுக்கும்போதே கண் மூடிக்கொள்ளும் பழக்கம் இப்படித்தான் ஒட்டிக்கொள்கிறது. அதனால் தோட்டாவும் மிதமானதாக இருக்க வேண்டும். 1955-இல் வந்த .243 வின்செஸ்டரில் உதை குறைவு. மானுக்கு அதில் ஏறக்குறைய 6.5 கிராம் குண்டு வேண்டும். சிறு விலங்குகளுக்கான இலேசான குண்டு ஆழமாக இறங்காது. 9 கிராம் குண்டு போடும் 7 எம்எம்-08 ரெமிங்டன் சற்று முரடு, ஆனாலும் தாங்கலாம். இந்த எடையில் மேக்னம் தோட்டா தோளுக்கு வீண் தண்டனை. மெல்லிய குழல் நாலைந்து சுடுதலிலேயே சூடேறும். பயிற்சியில் ஆறவிட்டுச் சுட வேண்டும். சட்டத்தையும் கவனிக்க வேண்டும்: ஒஹாயோ மாநிலத்தில், மேலே சொன்னவை போன்ற கழுத்து ஒடுங்கிய தோட்டாக்களால் மானைச் சுட அனுமதியில்லை. வாங்குமுன் மாநில விதியைப் பார்ப்பது நல்லது.