முதியோர் இல்லம் யாருடைய வீடு?



1839-ம் ஆண்டு குளிர்காலத்திலே, பிரான்சு தேசத்து சேன்-செர்வான் ஊரில் அர்ச். ழான் ழுகான் அம்மாள் கண்ணிழந்த ஓர் ஏழைக் கிழவியைத் தன் கட்டிலில் படுக்கவைத்து, தான் பரணில் படுத்துக்கொண்டாள். பிற்பாடு தன்னிடம் வந்த முதியவர்கள் பிச்சைக்குப் போகாதபடி, அவர்கள் கூடையைத் தானே தூக்கி வீடு வீடாய் யாசித்தாள். அவர்களுடைய மானத்தைக் காப்பதும் அவளுக்குப் பராமரிப்பாகவே இருந்தது.

நம் தேசத்தின் 2007-ம் வருஷத்து முதியோர் நலச் சட்டம், இல்லங்களை நடத்தும் திட்டத்தில் வைத்தியத்தோடு பொழுதுபோக்கையும் சேர்த்திருக்கிறது. சோறும் மாத்திரையும் போதாதென்று சட்டத்துக்கே தெரிகிறது!

பூரணாங்குப்பத்திலிருந்து உங்கள் பெரியவரை அப்படியோர் இல்லத்தில் சேர்க்க நேர்ந்தால், சுவரின் பளபளப்பில் மயங்காமல் நடத்துகிறவரை விசாரியுங்கள். பென்ஷன் பாஸ்புத்தகம் யார் கையில் இருக்கும்? அவருக்கு வரும் கடிதத்தைப் பிறர் பிரிப்பார்களா? குளிப்பாட்டுமுன் அவரைக் கேட்பார்களா? அதற்கும் முன்னே, அங்கே போகச் சம்மதமா என்று நீங்கள் அவரைக் கேட்டீர்களா?