கம்பு வேண்டாம், கடலை போதும்

அன்புள்ள சகோதரிக்கு,

தாயைப் பறிகொடுத்துத் தெருவில் நின்ற நாய்க்குட்டியை உங்கள் 9 வயது மகள் தூக்கி வந்ததையும், 3 மாதம்கூட நிறையாத அந்தக் குட்டி செருப்பு, பாய், பள்ளிப்பை என்று ஒன்றையும் விட்டுவைக்காததையும் எழுதியிருந்தீர்கள். 'நானே பழக்குவேன்' என்கிறாள் மகள். 'அடியாத மாடு படியாது. அதுவும் நாட்டு நாய், கம்பில்லாமல் அடங்காது' என்கிறார் மாமனார். யார் பேச்சைக் கேட்பது என்பது உங்கள் கேள்வி.

மகள் பேச்சைத்தான். ஆனால் முதல் வேலை கால்நடை மருத்துவமனைக்குப் போவது. 3 மாதம் ஆனதும் வெறிநாய்த் தடுப்பூசி, பிறகு மருத்துவர் சொல்லும் நாளில் அடுத்தது. அதுவரை மட்டுமல்ல, அதற்குப் பிறகும், குட்டியின் பல்லோ நகமோ பட்டுத் தோல் கீறினால் 'குட்டிதானே' என்று விடாதீர்கள். ஓடுகிற தண்ணீரில் சோப்புப் போட்டு 15 நிமிடம் கழுவிவிட்டு, அன்றைக்கே அரசு மருத்துவமனைக்குக் கூட்டிப்போங்கள். மஞ்சளும் சுண்ணாம்பும் வேண்டாம். கடி வாங்கியதைச் சொன்னால் திட்டு விழும் என்று பிள்ளைகள் மறைப்பார்கள். மறைத்தால்தான் ஆபத்து என்பதை மகளிடம் இன்றே சொல்லிவையுங்கள்.

இனி கம்புக்கு வருவோம். கம்பு பலிக்காது என்று சொல்ல மாட்டேன். ஓங்கினால் நாய் அந்த நேரத்துக்கு அடங்கும். ஆனால் அது கற்றுக்கொண்டது என்ன? செருப்பைக் கடிக்கக் கூடாது என்பதையா, தாத்தா இருக்கும்போது கடிக்கக் கூடாது என்பதையா? பெரும்பாலும் இரண்டாவதைத்தான். உறுமியதற்காக அடித்தால் நிலைமை இன்னும் மோசம். நாய் உறுமுவதை நிறுத்திக்கொள்ளும், பயம் அப்படியே இருக்கும். அடுத்த முறை முன்னறிவிப்பில்லாமல் பல் பதியும். போர்ச்சுகலில் 92 வளர்ப்பு நாய்களை ஆராய்ந்து 2020இல் வெளியிட்ட ஆய்வு ஒன்று, தண்டித்துப் பழக்கும் பள்ளிகளில் பயின்ற நாய்களிடம் பதற்றத்தின் அறிகுறிகள் கூடுதலாக இருப்பதைக் கண்டது. பயிற்சிக்குப் பிறகு அவற்றின் எச்சிலில் கார்டிசால் என்ற மன அழுத்தச் சுரப்பும் ஏறியிருந்தது.

'நாய் ஓநாய் வம்சம், வீட்டில் யார் தலைவன் என்று காட்டிவிட வேண்டும்' என்று உங்கள் வீட்டுக்காரர் யூடியூபில் பார்த்ததாக எழுதியிருக்கிறீர்கள். அந்தப் பேச்சுக்கு வேர், அடைத்துவைத்த ஓநாய்களைப் பார்த்து 1947இல் ருடால்ஃப் ஷென்கெல் எழுதிய ஆய்வு. அதைத் தன் புத்தகத்தின் மூலம் பரப்பியவர்களில் ஒருவர் டேவிட் மெக் என்ற அமெரிக்க ஆய்வாளர். வடதுருவத்தை ஒட்டிய எல்ஸ்மியர் தீவில் காட்டு ஓநாய்களோடு பல கோடைக்காலங்களைக் கழித்த பிறகு அவரே 1999இல் அதைத் திருத்தினார். காட்டில் ஓநாய்க் கூட்டம் என்பது பெரும்பாலும் அப்பா, அம்மா, பிள்ளைகள். யாரும் சண்டை போட்டுத் தலைமையைப் பிடிப்பதில்லை. உங்கள் குட்டி செருப்பைக் கடிப்பது பதவிக்காக அல்ல, பல் முளைக்கும் ஊறலுக்காக.

கம்பு வேண்டாம் என்பதற்கு என்னிடம் இருக்கும் பெரிய காரணம் வேறு. ஹவாயில் 1963இல் 'சீ லைஃப் பார்க்' என்ற கடல் காட்சியகத்தில் டால்ஃபின்களைப் பழக்கும் பொறுப்புக்கு வந்தவர் கேரன் பிரையர். டால்ஃபினுக்குக் கழுத்துப்பட்டை மாட்ட முடியாது. அடிக்கக் கை ஓங்கினால் அது தண்ணீருக்குள் போய்விடும், அதோடு பாடம் முடிந்தது. அவர் கையில் இருந்தவை ஒரு விசிலும் ஒரு வாளி மீனும்தான். வேண்டியதைச் செய்த கணத்தில் விசில், உடனே மீன். அந்த அனுபவத்தில் 1984இல் அவர் எழுதிய 'டோன்ட் ஷூட் த டாக்' என்ற புத்தகம் நாய் வளர்ப்பவர்களிடம் இந்த முறையைக் கொண்டுசேர்த்தது. அவருக்கு முன்பே, 1951இல், உளவியல் அறிஞர் ஸ்கின்னர் இதை வீட்டு நாய்க்குச் செய்துபார்க்கச் சொல்லி ஒரு கட்டுரை எழுதியிருந்தார். அவர் கைகாட்டியது, அழுத்தினால் 'டிக்' என்று கேட்கும் மலிவான பொம்மையை. நம் ஊர்த் திருவிழாக் கடைகளில் விற்ற தகரத் தவளை ஞாபகம் வருகிறதா? அதேதான்.

பலத்தைக் காட்ட வழியில்லாத இடத்தில் வளர்ந்த முறை இது. அதனால்தான் குழந்தைக்கு இது பொருந்துகிறது. உங்கள் மகளின் எடை 25 கிலோ இருக்கும். குட்டி வளர்ந்தால் 15, 20 கிலோவுக்குக் குறையாது. இழுத்துப் பிடித்தோ மிரட்டியோ அவளால் அதை ஆள முடியாது. கம்பு பெரியவர் கையில் இருக்கும்வரைதான் கம்பு. அவள் கையில் அது கடியை வரவழைக்கும் குச்சி.

சரி, எப்படித் தொடங்குவது? முதல் பாடத்துக்கு நாயே வேண்டாம். பிரையர் பரப்பிய ஒரு விளையாட்டு இருக்கிறது. எங்கள் தெருப் பிள்ளைகள் மொட்டை மாடியில் அதை ஆடியதைச் சொல்கிறேன். தம்பிதான் நாய். அவனைக் கீழே அனுப்பிவிட்டு, கவிழ்த்திருந்த வாளியின் மேல் அவன் உட்கார வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அக்கா கையில் தகரத் தவளை. வாயைத் திறக்கக் கூடாது, கை காட்டக் கூடாது. தம்பி வாளிப் பக்கம் திரும்பினான், டிக். ஓடிவந்து ஒரு கடலை வாங்கிக்கொண்டான். மறுபடி அந்தப் பக்கம் இரண்டு எட்டு, டிக், கடலை. மூன்றாவது முறை அக்கா ஒரு நொடி தாமதித்துவிட்டாள். அதற்குள் அவன் கை கொடியில் தொங்கிய துணிக் கிளிப்பைத் தொட்டிருந்தது. டிக் கேட்டதும் அவனுக்கு அதுதான் வித்தை! அப்புறம் கிளிப்பைத் தட்டிக்கொண்டே நின்றான். 'அறிவிருக்கா, அது இல்லடா!' என்று அக்கா கத்த, 'நீதானே அதுக்கு டிக் அடிச்சே' என்றான் தம்பி. சுற்றி நின்றவர்கள் சிரித்த சிரிப்பில் பாடம் முடிந்தது. எதற்குச் சத்தம் கேட்டதோ அதைத்தான் கற்பவர் கற்றுக்கொள்வார். அடுத்து அக்காவை நாயாக்கினோம். என்ன செய்வதென்று தெரியாமல் நடு மாடியில் விழிப்பது எப்படி இருக்கும் என்று அவளும் தெரிந்துகொண்டாள். உங்கள் மகள் இரண்டு வேடமும் போட்டுப் பார்க்கட்டும்.

பிறகு குட்டி. தகரத் தவளை கிடைக்காவிட்டால் நாக்கைத் தட்டும் 'டொக்' போதும். முதலில் சத்தம், உடனே தீனி. இதையே சில தடவை செய்தால், சத்தம் கேட்டதும் குட்டி உங்கள் முகத்தைப் பார்க்கும். அப்போது மகள் தன் உள்ளங்கையைக் குட்டியின் மூக்குக்குச் சற்றுத் தள்ளி நீட்டட்டும். முகர வந்து மூக்கு கையில் பட்டதும் சத்தம், தீனி. இது படிந்தால் குட்டியைப் பிடித்துத் தள்ளாமலே எங்கும் நகர்த்தலாம். அடுத்தது உட்காருவது. தீனியை மூக்குக்கு மேலே கொண்டுபோய் மெல்லப் பின்னால் நகர்த்தினால் தலை நிமிரும், பின்பக்கம் தானாகத் தரையில் படும். பட்டதும் சத்தம். முதுகை அமுக்க வேண்டாம். தீனியை விரல் நுனியில் கொடுத்தால் பல் படும், விரித்த உள்ளங்கையில் வைத்துக் கொடுக்கட்டும்.

தீனி என்றால் பிஸ்கட் பாக்கெட் அல்ல. உப்பில்லாமல் வேகவைத்த கோழி, முட்டை வெள்ளைக்கரு, கேரட், உப்பில்லாத வறுகடலையில் பாதி. பட்டாணி அளவு போதும், அதையும் அன்றைய சாப்பாட்டில் கழித்துவிடுங்கள். வெங்காயம், பூண்டு சேர்ந்த குழம்பு, பாயசத்துத் திராட்சை, சாக்லெட் ஆகியவை நாய்க்கு விஷம். ஒரு பாடம் 3 நிமிடம், மிஞ்சினால் 5. குட்டி கொட்டாவி விட்டால், முகத்தைத் திருப்பினால் அன்றைக்குப் பள்ளிக்கூடம் விட்டாயிற்று.

'இது லஞ்சம்தானே, காலமெல்லாம் கொடுக்க முடியுமா?' என்று மாமனார் கேட்பார். முன்னால் காட்டி வேலை வாங்கினால் லஞ்சம், வேலை முடிந்ததும் கொடுத்தால் கூலி. பழக்கம் ஊன்றிய பிறகு ஒவ்வொரு முறையும் தீனி வேண்டாம். சில நேரம் தீனி, சில நேரம் பந்து, சில நேரம் மார்பில் ஒரு தடவல்.

பள்ளி விட்டு வந்ததும் குட்டி அவள் மேல் தாவுகிறது, பாவாடையைக் கடித்து இழுக்கிறது என்கிறீர்கள். அவள் வீலென்று கத்திக்கொண்டு ஓடுகிறாள் அல்லவா? குட்டிக்கு அதைவிட நல்ல விளையாட்டு கிடையாது. ஓடாமல் மரம்போல நிற்கட்டும், கையைக் கட்டிக்கொள்ளட்டும், பார்வையைத் திருப்பட்டும். நாலு காலும் தரையில் பட்ட நொடியில் கொஞ்சல். முதல் சில நாள் தாவல் கூடும், அசைந்துவிடாதீர்கள். செருப்பைப் பொறுத்தவரை, குட்டிக்கு எட்டாத இடத்தில் அதை வைப்பது நம் வேலை, கடிக்க முடிச்சுப் போட்ட பழந்துணி கொடுப்பதும் நம் வேலை. வாயில் கவ்வியதைப் பிடுங்காமல் வேறொன்றைக் காட்டி மாற்றிக்கொள்ளலாம்.

ஒன்றில் மட்டும் கண்டிப்பாக இருங்கள். பெரியவர் ஒருவர் பக்கத்தில் இல்லாமல் பாடம் கிடையாது. 5 வயதுக்குட்பட்ட பிள்ளைகள் நாயைப் பழக்க வேண்டாம், வேடிக்கை பார்க்கட்டும். இங்கிலாந்தின் லிங்கன் பல்கலைக்கழக ஆய்வில், பல்லைக் காட்டிச் சீறும் நாயைப் பார்த்துச் சின்னப் பிள்ளைகள் பலர் 'சிரிக்கிறது' என்றார்கள். கட்டிப்பிடிப்பது நமக்கு அன்பு, பல நாய்களுக்கு நெருக்கடி. சாப்பிடும் நாய், தூங்கும் நாய், குட்டி போட்ட நாய் பக்கம் போகக் கூடாது. உதட்டை நக்குவது, உடல் விறைப்பது, ஓரக்கண்ணில் வெள்ளை தெரியப் பார்ப்பது எல்லாம் 'போதும்' என்று அது சொல்வது. 3 நொடி தடவிவிட்டுக் கையை எடுக்கட்டும். குட்டி நெருங்கி வந்தால் தொடரலாம், நகர்ந்தால் விடலாம். தெருவில் பார்க்கும் நாயிடம் இந்தப் பாடம் எதுவும் செல்லாது என்பதையும் சொல்லிவையுங்கள்.

மாமனாரை ஒதுக்கிவிடாதீர்கள். 'சிட்' என்று ஒருவர், 'உக்காரு' என்று ஒருவர், 'ஏய்' என்று ஒருவர் சொன்னால் குட்டி எதைக் கேட்கும்? எதற்கு எந்தச் சொல் என்று முடிவு செய்து, வீட்டில் எல்லோரும் அதையே சொல்கிறார்களா என்று கண்காணிக்கும் பொறுப்பை அவருக்குக் கொடுங்கள். கூடவே அவர் கையிலும் நாலு துண்டு கோழி.

கடைசியாக, எல்லாவற்றிலும் முக்கியமான பாடம், கூப்பிட்டால் வருவது. முற்றத்தில் நாலடி தூரத்தில் தொடங்கி, பேரைச் சொன்னதும் வந்தால் இருப்பதிலேயே நல்ல தீனியைக் கொடுங்கள். பிறகு தூரத்தைக் கூட்டுங்கள். எவ்வளவு தாமதித்து வந்தாலும், எதை நாசம் பண்ணிவிட்டு வந்தாலும், வந்த நாயைத் திட்டக் கூடாது, அடிக்கவே கூடாது. திட்டினால் அதன் கணக்கில் அது வந்ததற்கான தண்டனை. என்றைக்காவது கேட் திறந்திருக்கும், குட்டி ரோட்டைப் பார்த்து ஓடும், எதிரே மணல் லாரி வரும். அந்தத் தூரத்துக்குத் தாத்தாவின் கம்பு எட்டாது, சங்கிலியும் எட்டாது. உங்கள் மகளின் குரல் எட்டும். கூப்பிட்ட போதெல்லாம் நல்லதே கிடைத்த குட்டி திரும்பி வரும் என்று நம்பலாம். அடிவாங்கிய குட்டி மேலும் வேகமாக ஓடும்.

குட்டிக்கு என்ன பெயர் வைத்தீர்கள் என்று எழுதவில்லையே. சின்னப் பெயராக வையுங்கள், கூப்பிட வசதி.

அன்புடன்,
உங்கள் கட்டுரையாளர்