உழைப்பிலும் பணியிலும் வாழும் விசுவாசம்
க.பொ.த (சாதாரண தரம்) – கத்தோலிக்க திருமறை, கிறிஸ்தவம் பாடங்களுக்கான துணைக் குறிப்பு



"ஒரு கிறிஸ்தவர் தமது விசுவாசத்தை அன்றாட வாழ்வில் எவ்வாறு வெளிப்படுத்தலாம்?" என்னும் கருத்துள்ள வினா பரீட்சையில் பல வடிவங்களில் வரக்கூடியது. இலகுவான வினா என்று எண்ணி, "கோயிலுக்குப் போக வேண்டும், செபிக்க வேண்டும், ஏழைகளுக்கு உதவ வேண்டும்" என்று மூன்று வரி எழுதிவிட்டு அடுத்த வினாவுக்குச் சென்றுவிடுகிறீர்கள். எழுதியது பிழையல்ல. ஆனால் அதில் விளக்கமும் இல்லை, உதாரணமும் இல்லை. இக்குறிப்பு தாழ்வுபாட்டுக் கடற்கரையை உதாரணமாக வைத்து எழுதப்பட்டுள்ளது. உங்களுக்குத் தெரிந்த இடத்திலிருந்து விளங்கிக்கொண்டால் மனனம் செய்ய வேண்டிய தேவை குறையும்.

இதனைக் கற்றபின் நீங்கள்,
1. உழைப்பின் மாண்பை விவிலிய ஆதாரத்துடன் விளக்குவீர்கள்.
2. உழைப்புப் பற்றிய திருச்சபையின் போதனைகளைக் குறிப்பிடுவீர்கள்.
3. சமூகப் பணிக்கு வரலாற்று உதாரணங்களைத் தருவீர்கள்.
4. உங்கள் ஊரில் செய்யக்கூடிய செயல்களை முன்மொழிவீர்கள்.

1. விவிலிய அடிப்படை

இயேசு தமது வாழ்நாளின் பெரும்பகுதியை நாசரேத்தில் கழித்தார். ஊரார் அவரைத் தச்சர் என்றே அறிந்திருந்தனர் (மாற்கு 6:3). அவர் போதித்தது ஏறத்தாழ மூன்று ஆண்டுகள். அதற்கு முற்பட்ட நீண்ட காலம் வீட்டிலும் தொழிலிலும் கழிந்தது. அந்தக் காலமும் மீட்பரின் வாழ்வே.

இயேசு முதலில் அழைத்தவர்கள் வலை வீசியவர்களும் வலை பழுதுபார்த்தவர்களும் ஆவர் (மத்தேயு 4:18–22). உயிர்த்த பின்னரும் அவர் திபேரியாக் கடற்கரையில் தீ மூட்டி, இரவு முழுவதும் கடலில் நின்று களைத்து வந்தவர்களுக்குக் காலை உணவு கொடுத்தார் (யோவான் 21:9–13). புனித பவுல் கொரிந்து நகரில் அக்கிலா, பிரிஸ்கில்லா என்போருடன் தங்கிக் கூடாரம் செய்யும் தொழில் செய்தார் (திருத்தூதர் பணிகள் 18:3). உழைக்க மனமில்லாதவர் உண்ணலாகாது என்பது அவரது கண்டிப்பான அறிவுரை (2 தெசலோனிக்கர் 3:10). அது வேலை செய்ய இயலாதவரைப் பற்றியதல்ல, மனமில்லாதவரைப் பற்றியது என்பதைக் கவனியுங்கள்.

செயலற்ற விசுவாசம் உயிரற்றது என யாக்கோபு கூறுகிறார் (2:14–17). இறுதித் தீர்ப்பின்போது பசித்தவர், தாகமுற்றவர், அந்நியர், ஆடையற்றவர், நோயுற்றவர், சிறையிலிருப்பவர் ஆகியோருக்குச் செய்தது தமக்கே செய்யப்பட்டதாக இயேசு ஏற்றுக்கொள்வார் (மத்தேயு 25:31–46). இந்த ஆறு பிரிவினரையும் ஒழுங்காக நினைவில் வைத்திருங்கள்.

2. திருச்சபையின் போதனை

● 1891 – பாப்பரசர் 13ஆம் சிங்கராயர் "றேறும் நோவாறும்" என்னும் சுற்றுமடலை வெளியிட்டார். நீதியான கூலி, சங்கம் அமைக்கும் உரிமை ஆகியவை இதில் வலியுறுத்தப்பட்டன.
● 1955 – பாப்பரசர் 12ஆம் பத்திநாதர் மே மாதம் 1ஆம் திகதியைத் தொழிலாளரான புனித சூசையப்பரின் திருநாளாக ஏற்படுத்தினார்.
● 1965 – இரண்டாம் வத்திக்கான் சங்கத்தின் "இன்றைய உலகில் திருச்சபை" என்னும் ஏடு, விசுவாசத்தையும் அன்றாட வாழ்வையும் பிரித்து வைப்பதைப் பாரதூரமான தவறாகக் காட்டியது.
● 1981 – பாப்பரசர் 2ஆம் அருளப்பர் சின்னப்பரின் "லபோறெம் எக்சேர்சென்ஸ்". வேலையின் மதிப்பு அது என்ன வேலை என்பதில் அல்ல, அதைச் செய்பவர் ஒரு மனிதர் என்பதில் தங்கியுள்ளது எனக் கற்பித்தது.
● 2015 – பாப்பரசர் பிரான்சிஸின் "லௌதாத்தோ சீ". படைப்பைப் பேணுவதும் ஏழைகளைப் பேணுவதும் ஒன்றோடொன்று பிணைந்தவை என விளக்கியது.

3. கடற்கரையில் விசுவாசம்

தாழ்வுபாடு மன்னார்த் தீவின் தென்கரையில், மன்னார் வளைகுடாவை நோக்கியுள்ள கடற்றொழிற் கிராமம். ஞாயிற்றுக்கிழமை கடலுக்குப் போகாமை கத்தோலிக்கக் கடற்கரைக் கிராமங்களின் பழைய வழக்கம். வலை காய்கிறது, ஊர் ஆலயத்தில் கூடுகிறது. நல்ல வழக்கம். ஆனால் நமது வினாவுக்குரிய விடை திங்கட்கிழமை வலை நனையும்போதுதான் தொடங்குகிறது. பின்வரும் நான்கு சந்தர்ப்பங்களைச் சிந்தியுங்கள்.

(அ) தராசு: மீன் நிறுக்கப்படுகிறது. "கழிவு" என்று சொல்லி ஒவ்வொரு நிறுவைக்கும் சற்று அதிகமாகக் கழிக்கப்படுகிறது. கடன் பட்டவர் வாய் திறக்க முடியாமல் நிற்கிறார். கள்ளத் தராசு கூடாது என்பது இறைவனின் நேரடிக் கட்டளை (லேவியர் 19:35–36). வியாபாரி ஆலயத்தில் முன்வரிசையில் இருப்பவராயினும், அவரது விசுவாசம் அந்தத் தராசிலும் நிறுக்கப்படுகிறது.

(ஆ) பங்கு: கரைவலையில் சம்மாட்டியின் முதலும் பலரின் தோள்வலியும் சேர்கின்றன. செலவு கழித்து வரும் பணம் பங்கிடப்படும். வலை இழுத்தவரின் பங்கைப் பிந்திக் கொடுப்பதும் குறைத்துக் கொடுப்பதும் பாவம். ஏழைக் கூலியாளின் கூலியைச் சூரியன் மறையுமுன் கொடுத்துவிட வேண்டும் என இணைச்சட்ட நூல் கூறுகிறது (24:14–15). பிடித்து வைத்த கூலியே இறைவனை நோக்கிக் கூக்குரலிடுவதாக யாக்கோபு எழுதுகிறார் (5:4). வலையில் நண்டு கழற்றும் பெண்களின் கூலிக்கும் கருவாடு போடும் பெண்களின் கூலிக்கும் இதே சட்டந்தான்.

(இ) கடல்: வெடி வைத்து மீன் பிடித்தால் ஒரு நாளில் நிறையக் கிடைக்கும். ஆனால் குஞ்சும் பாரும் அழியும், கை கால் இழந்தவர்களும் உண்டு. சட்டமும் அதைத் தடை செய்துள்ளது. கடலடியை வாரிச் செல்லும் இழுவைமடி முறையும் 2017ஆம் ஆண்டின் சட்டத் திருத்தத்தால் இலங்கையில் தடை செய்யப்பட்டது. சினை நண்டைக் கடலில் திரும்ப விடுவதும், வலையில் அகப்பட்ட கடலாமையையும் கடற்பசுவையும் உயிரோடு விடுவிப்பதும் படைப்பைப் பேணும் செயல்கள். இவற்றைச் செய்பவர் அன்றைய வருமானத்தில் ஒரு பகுதியை இழக்கிறார். அந்த இழப்பே அவரது காணிக்கை.

(ஈ) ஆபத்து: கடலில் இயந்திரம் பழுதடைந்த படகைக் கண்டால் தமது தொழிலை விட்டு இழுத்து வருபவர், லூக்கா 10ஆம் அதிகாரத்தின் நல்ல சமாரியரே. அந்தச் சமாரியர் தமது எண்ணெயையும் திராட்சை இரசத்தையும் பணத்தையும் நேரத்தையும் செலவிட்டார். இவரும் எண்ணெயையும் ஒரு நாள் உழைப்பையும் செலவிடுகிறார். 2022 ஆகஸ்டில் மண்ணெண்ணெய் லீற்றர் ஒன்று 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக ஏறியது. அந்த நாட்களில் அடுத்தவரின் படகை இழுத்து வருவது எவ்வளவு பெரிய தியாகம் என்பதைக் கணக்கிட்டுப் பாருங்கள்.

இன்னொன்று. படிவங்களில் "தந்தையின் தொழில்" என்னும் இடம் வரும்போது சிலர் பேனையை நிறுத்தி யோசிக்கிறீர்கள். "சுயதொழில்" என்று எழுதிச் சமாளிக்கிறீர்கள். பேதுருவும் அந்திரேயாவும் செய்த தொழிலை எழுத ஏன் தயக்கம்? உங்களைப் படிக்க வைப்பது அந்தத் தொழில்தான். நீங்கள் படித்து வேறு தொழிலுக்குப் போகலாம், போக வேண்டியும் வரலாம். அது முன்னேற்றம். ஆனால் உழைப்பின் மாண்பைப் பற்றிப் பத்துப் புள்ளிக்கு விடை எழுதிவிட்டு, வீட்டில் வலை தைத்துக்கொண்டிருக்கும் அப்பாவைத் தாழ்வாக நினைத்தால், அந்த விடை வெறும் மையே.

4. சமூகப் பணி: வரலாற்று உதாரணங்கள்

புனித யோசேப் வாஸ் (1651–1711): கோவாவிலிருந்து 1687இல், ஒல்லாந்தர் கத்தோலிக்கரைத் துன்புறுத்திய காலத்தில், மாறுவேடத்தில் இலங்கை வந்தார். 1697இல் கண்டியில் அம்மை நோய் பரவியபோது பலர் நோயாளரைக் கைவிட்டு ஓடினர். அவர் ஓடவில்லை. சமய வேறுபாடு பாராது நோயாளரைக் கழுவி, உணவூட்டி, இறந்தோரை அடக்கம் செய்தார். 1995இல் முத்திப்பேறு பெற்றவராகவும், 2015 ஜனவரி 14இல் கொழும்பு காலிமுகத்திடலில் புனிதராகவும் உயர்த்தப்பட்டார். அன்றைய தினமே பாப்பரசர் பிரான்சிஸ் மடுத் திருத்தலத்துக்கும் வந்தார்.

பிரெடெரிக் ஓசானாம் (1813–1853): பல்கலைக்கழக மாணவராக இருந்தபோதே, 1833இல் பரிஸ் நகரில் நண்பர்கள் சிலருடன் சேர்ந்து புனித வின்சென்ட் டி போல் சபையைத் தொடங்கினார். உங்களைவிடச் சில வயதே மூத்தவர். குருவோ துறவியோ அல்லர், பொதுநிலையினர். ஏழைகளின் வீட்டுக்கு நேரில் சென்று பார்ப்பது இச்சபையின் முதற் பணி. இலங்கையின் பங்குகளிலும் இச்சபை இயங்குகிறது.

ஆயர் இராயப்பு யோசேப்பு (1940–2021): நெடுந்தீவிற் பிறந்தவர். 1992 முதல் 2016 வரை மன்னார் மறைமாவட்டத்தின் ஆயராகப் பணியாற்றினார். யுத்த காலத்தில் இடம்பெயர்ந்தோருடன் நின்றார். 2011 ஜனவரியில் கற்றுக்கொண்ட பாடங்களும் நல்லிணக்கமும் ஆணைக்குழுவின் முன் சாட்சியமளித்து, வன்னியில் 146,679 பேருக்கு என்ன நடந்தது என அரச புள்ளிவிபரங்களை வைத்தே வினவினார். உணவு கொடுப்பது மட்டுமன்றி, குரல் அற்றோருக்காகப் பேசுவதும் சமூகப் பணி என்பதற்கு இது உதாரணம்.

அண்மைய உதாரணம்: 2025 ஆகஸ்டில் மன்னார்த் தீவில் மேலும் காற்றாலைகள் அமைப்பதற்கும் கனிய மணல் அகழ்வதற்கும் எதிராக மக்கள் அறவழியில் போராடினர். குருக்களும் அவர்களுடன் நின்றனர். இதனை விடையில் எழுதும்போது கோஷமாக எழுத வேண்டாம். காற்றிலிருந்து மின்சாரம் பெறுவது நல்ல நோக்கமே. ஆயினும் வெள்ள நீர் வடிந்தோடும் வழி, மீனவரின் தொழில், தீவின் நிலம் ஆகியவை பற்றி அங்கு வாழ்வோரைக் கேட்டுத் தீர்மானிப்பதே நீதி என்பது மக்களின் வாதம். இவ்வாறு இரு பக்கத்தையும் எழுதினால் விடை நிறைவடையும்.

5. நீங்கள் செய்யக்கூடியவை

● கீழ் வகுப்பு மாணவர் ஒருவருக்கு வாரத்தில் இரண்டு மணித்தியாலம் கணிதமோ வாசிப்போ கற்பித்தல்.
● தனித்து வாழும் முதியவருக்குக் கிளினிக் திகதியை நினைவூட்டி, மருந்து வாங்கி வருதல்.
● கரையில் ஒதுங்கும் அறுந்த வலை, பிளாஸ்ரிக் போத்தல் என்பவற்றைச் சேகரித்து அகற்றுதல்.
● வாசிக்கத் தெரியாதவருக்குப் படிவம் நிரப்ப உதவுதல். அவரது விடயங்களை வெளியிற் சொல்லாதிருத்தல்.
● அயலிலுள்ள முஸ்லிம், இந்து மக்களின் துக்க வீடுகளில் தண்ணீர் அள்ளவும் கதிரை தூக்கவும் முன்னிற்றல்.
● பரீட்சையிற் பார்த்து எழுதாதிருத்தல். மாணவருக்குப் படிப்பே தொழில். நேர்மை அங்கிருந்தே தொடங்குகிறது.

6. பரீட்சை வழிகாட்டி

மாதிரி வினா: "தொழிலிடம் விசுவாசத்துக்குச் சாட்சி பகரும் இடமாகும்." உதாரணத்துடன் விளக்குக.

போதாத விடை: "நாம் தொழிலிடத்தில் நல்லவர்களாக இருக்க வேண்டும். பொய் சொல்லக் கூடாது. அப்போது கடவுள் ஆசீர்வதிப்பார்."

சிறந்த விடை: "இயேசு நாசரேத்தில் தச்சராக உழைத்ததனால் உழைப்பு மாண்பு பெற்றது (மாற்கு 6:3). எனவே தொழிலிடம் சாட்சி பகரும் இடமாகிறது. உதாரணமாக, மீன் வியாபாரி ஒருவர் சரியாக நிறுத்து உரிய விலை கொடுக்கும்போது லேவியர் 19:35–36இன் கட்டளையை நிறைவேற்றுகிறார். சம்மாட்டி கூலியை உரிய நேரத்திற் கொடுக்கும்போது யாக்கோபு 5:4 எச்சரிக்கும் அநீதியைத் தவிர்க்கிறார். இவர்கள் வாயாற் போதிக்காவிடினும், பிற சமயத்தவரும் இவர்களது நேர்மையைக் கண்டு கிறிஸ்துவை அறிந்துகொள்வர்."

வேறுபாட்டைக் கவனித்தீர்களா? இரண்டாவது விடையில் ஆதாரம், காரணம், உதாரணம், பயன் என்னும் நான்கும் உள்ளன. எந்த விளக்க வினாவுக்கும் இந்த ஒழுங்கைப் பின்பற்றுங்கள்.

தவிர்க்க வேண்டிய பிழைகள்:
● சமூகப் பணியைப் பிச்சையிடுதலாக மட்டும் எழுதுதல். நீதி கேட்பதும் பணியே.
● கிறிஸ்தவருக்கு மட்டும் செய்யும் உதவியாக எழுதுதல். சமாரியர் அடிபட்டவரின் சமயத்தைக் கேட்கவில்லை.
● ஆண்டுகளை மாற்றி எழுதுதல். 1891, 1965, 1981 ஆகிய மூன்றையும் பிரித்து நினைவில் வையுங்கள்.

பயிற்சி வினாக்கள்
1. மத்தேயு 25ஆம் அதிகாரத்தில் குறிப்பிடப்படும் ஆறு பிரிவினரையும் எழுதுக.
2. புனித பவுல் செய்த தொழில் யாது? அதிலிருந்து நாம் கற்கும் பாடம் ஒன்றைத் தருக.
3. புனித யோசேப் வாஸ், பிரெடெரிக் ஓசானாம் ஆகியோரின் பணிகளை ஒப்பிடுக.
4. உமது பெற்றோர் ஒருவரின் தொழிலைக் குறிப்பிட்டு, அதில் விசுவாசம் வெளிப்படும் மூன்று சந்தர்ப்பங்களை விளக்குக.

நான்காம் வினாவுக்கு விடை எழுதுமுன் வீட்டிற் கேட்டுப் பாருங்கள். "தொழிலில் நேர்மையாக நின்றதால் எப்போதாவது நட்டப்பட்டீர்களா?" என்று அப்பாவிடமோ அம்மாவிடமோ கேளுங்கள். அவர்கள் சொல்வதைக் குறிப்பெடுங்கள். எந்தப் பாடநூலிலும் இல்லாத உதாரணம் உங்களுக்குக் கிடைக்கும்.