துண்டு மடிக்கும் கை

அன்புள்ள மருமகளே,

மனிதனைப் போலவே எழுந்து நடக்கிற ரோபோக்கள் பெருகிவிட்டால் நமக்கெல்லாம் என்ன வேலை மிஞ்சும், இந்த நிலையில் பிளஸ் டூவுக்குப் பிறகு மெக்கட்ரானிக்ஸ் எடுப்பது சரியா என்று ஒரே மூச்சில் இரண்டு கேள்வி கேட்டிருக்கிறாய். இரண்டாவதற்கு ஒரே சொல்லில் பதில் சொல்லிவிடலாம்: எடு. முதல் கேள்விக்குத்தான் இந்தக் கடிதம். நீ அஞ்சுவது எந்திரம் செய்யும் வேலையைப் பார்த்தா, அதன் முகத்தைப் பார்த்தா என்று எனக்குச் சந்தேகம். சென்னைக்குப் பக்கத்துக் கார் ஆலைகளில் வெறும் கையாக நிற்கும் ரோபோக்கள் பல ஆண்டுகளாக வெல்டிங் செய்துகொண்டிருக்கின்றன. மனித குலத்துக்கு என்ன ஆகுமோ என்று அவற்றைப் பார்த்து யாரும் கேட்கவில்லை. அந்தக் கைக்கு மேலே ஒரு தலையையும் இரண்டு கண்ணையும் வைத்தால் போதும், தூக்கம் போய்விடுகிறது. முகத்தைக் கொஞ்ச நேரம் மறந்துவிடு என்பேன். அது யார் கையிலிருந்து எந்த வேலையை வாங்குகிறது, அந்தக் கைக்கு ஈடாக என்ன கிடைக்கிறது என்று பார்த்தால் உன் கேள்வி வேறு மாதிரி தெரியும்.

நம் தென்காசி மலைக்கு அந்தப் பக்கம் கேரளத்திலேயே இதற்குச் சான்று இருக்கிறது. 2019 பிப்ரவரியில் திருவனந்தபுரத்தில் கேரளக் காவல்துறைத் தலைமையகத்தில் கேபி-பாட் என்றொரு ரோபோ பணியில் சேர்ந்தது. பெண் உருவம், சப்-இன்ஸ்பெக்டர் அந்தஸ்து. வருகிறவர்களை வரவேற்று, யாரைப் பார்க்க வேண்டும் என்று கேட்டு வழி சொல்வது வேலை. முதலமைச்சருக்கு சல்யூட்டும் அடித்தது. அதைச் செய்தது கொச்சியின் அசிமோவ் ரோபாட்டிக்ஸ். அதற்கு முந்தைய ஆண்டே திருவனந்தபுரத்தில் இன்னொரு எந்திரம் வேலைக்கு வந்திருந்தது. அதன் பெயர் பேண்டிகூட், அதாவது பெருச்சாளி. முகம் கிடையாது. பாதாளச் சாக்கடைக் குழிக்குள் இறங்கி, கால்களை விரித்து ஊன்றிக்கொண்டு, ஒரு கையால் மண்ணையும் கழிவையும் அள்ளி வாளியில் மேலே அனுப்பும். இயக்குபவர் தெருவில் நின்றபடி திரையைப் பார்த்துக்கொண்டிருப்பார். இதைச் செய்த ஜென்ரோபாட்டிக்ஸ் இளைஞர்கள் கல்லூரி நாளில் செய்துபார்த்தது, மனிதன் உடம்பில் மாட்டிக்கொள்ளும் எந்திரக் கவசம். 2015 நவம்பரில் கோழிக்கோட்டில் சாக்கடைக் குழிக்குள் இறங்கிய இரண்டு தொழிலாளர்களும், அவர்களைக் காப்பாற்றப் போன ஆட்டோ ஓட்டுநர் ஒருவரும் மூச்சுத் திணறி இறந்தார்கள். அதன்பின் அந்த இளைஞர்களின் கவனம் குழிப் பக்கம் திரும்பியது. செய்யவேண்டிய வேலை தெளிவானதும் மனித வடிவம் தானாகக் கழன்று, சிலந்தியைப் போன்ற ஓர் உருவம் வந்தது. 2018-லேயே நம் கும்பகோணத்துக்கும் ஒரு பெருச்சாளி வந்து சேர்ந்தது. இன்னொரு சங்கதி: 2011 முதல் நம் மத்தளம்பாறையில் அலுவலகம் நடத்தும் ஜோஹோதான் 2022-ல் ஜென்ரோபாட்டிக்ஸில் 20 கோடி ரூபாய் முதலீடு செய்தது, 2025-ல் கொட்டாரக்கரையில் ஆய்வு மையம் திறந்தபோது அசிமோவ் ரோபாட்டிக்ஸை வாங்கிய செய்தியையும் சொன்னது. சல்யூட் அடிக்கும் பிள்ளை, சாக்கடை அள்ளும் பிள்ளை இரண்டுக்கும் இப்போது நம் தென்காசிப் பக்கம் ஓர் உறவு இருக்கிறது. இரண்டில் எது பெரிய படைப்பு என்று என்னைக் கேட்டால் யோசிக்காமல் பெருச்சாளியைச் சொல்வேன்.

இதற்கு ஒரு வலுவான மறுப்பு உண்டு, அதை நீயே கேட்பாய். நம் வீடு, மாடிப்படி, கதவுக் கைப்பிடி, திருகாணி முடுக்கி எல்லாம் மனித உடம்பின் அளவுக்குச் செய்தவை; ஒவ்வொரு வேலைக்கும் தனி எந்திரம் செய்வதைவிட, நம் அளவிலேயே ஓர் உடம்பு செய்துவிட்டால் அது எங்கும் புழங்குமே என்பது அந்த வாதம். பொறியாளர்கள் பலர் இதை உண்மையாகவே நம்புகிறார்கள், அதில் நியாயமும் இருக்கிறது. ஜப்பானின் வசேடா பல்கலைக்கழகம் 1973-ல் வாபாட்-1 என்ற முழு மனித உருவ ரோபோவை நடக்க வைத்தது. ஹோண்டா 2000-த்தில் அசிமோ என்ற ரோபோவைக் கொண்டுவந்து, படியேற்றி, ஓடவும் வைத்தது. ஆனால் 2011-ல் ஃபுகுஷிமா அணு உலைக் கட்டடங்கள் வெடித்தபோது, ஆள் போக முடியாத அந்தக் கட்டடங்களுக்குள் முதலில் போனவை சங்கிலிப் பட்டையில் உருளும் எந்திரங்கள். அசிமோவை அனுப்பும் நிலை இல்லை. 2022-ல் அதற்கு ஓய்வும் கொடுத்துவிட்டார்கள். நம் நாட்டு உதாரணம் இன்னும் சுவையானது. ககன்யான் திட்டத்தில் மனிதர் ஏறுமுன் ஆளில்லாப் பயணத்தில் போவதற்கென்று இஸ்ரோ செய்த வியோமித்ராவை 2020 ஜனவரியில் பெங்களூரில் காட்டினார்கள். அதே திட்டத்துக்கான கிரையோஜெனிக் எஞ்சினை நம் பக்கத்து மகேந்திரகிரியில்தான் சோதித்தார்கள். வியோமித்ராவுக்கு முகம் உண்டு, கை உண்டு, பேச்சு உண்டு, கால் இல்லை. மனிதருக்கான இருக்கையில் உட்கார்ந்து, மனிதருக்கான பலகையைப் படித்து, மனிதருக்கான விசையைத் தட்ட வேண்டும் என்பதால் மேல் பாதி தேவைப்பட்டது. எடையற்ற இடத்தில் கால் எதற்கு? ஆக, மனித வடிவம் வேலை கேட்கும் அளவுக்கு வந்தால் போதும். அதற்கு மேல் வருவது பெரும்பாலும் விளம்பரம். குற்றாலத்தையே எடுத்துக்கொள். 2024 மே 17-ல் பழைய குற்றாலத்தில் மேலே பெய்த மழை திடீர் வெள்ளமாக இறங்கி, 17 வயதுப் பையன் ஒருவனைக் கொண்டுபோயிற்று. அப்படிப்பட்ட நாளில் வேண்டியது மலைமேல் மழையை அளக்கும் கருவியும், தண்ணீர் மட்டம் ஏறினால் கீழே அலறும் சங்கும். பாறையில் நின்று கை காட்டும் எந்திர போலீஸ் அங்கே தானும் வழுக்கி விழும்.

வழுக்குவது என்றதும் கேட்கத் தோன்றுகிறது: சீசனில் ஐந்தருவிப் பாறையில் எண்ணெய்த் தலையோடு நடந்துபோகிற ஆச்சிகளைக் கவனித்திருக்கிறாயா? வெறுங்கால், ஈரப் பாசி, ஒரு கையில் மாற்றுச் சேலை. கட்டை விரல் முதலில் பாறையைத் தொட்டுப் பார்க்கும், பிறகு பாதம் இறங்கும். இந்தக் கணக்கைத்தான் எந்திரத்துக்குச் சொல்லிக்கொடுக்க முடியாமல் திணறுகிறார்கள். 1997-ல் சதுரங்கத்தில் கணினி காஸ்பரோவை வென்றுவிட்டது. அதற்கு ஒன்பது ஆண்டு முன்பே ஹான்ஸ் மொராவெக் என்ற ரோபோ அறிஞர் எழுதியிருந்தார்: பெரியவர்களுக்குக் கடினமான கணக்கு கணினிக்கு எளிது, ஒரு வயதுக் குழந்தை செய்வது கணினிக்குக் கடினம் என்று. 2025 ஏப்ரலில் பெய்ஜிங்கில் மனித உருவ ரோபோக்களை 21 கிலோமீட்டர் ஓடவிட்டார்கள். முதலில் வந்த ரோபோ 2 மணி 40 நிமிடம் எடுத்தது, நடுவில் மூன்று முறை பேட்டரி மாற்ற வேண்டியிருந்தது. அன்று உடன் ஓடிய மனிதரில் முதலில் வந்தவருக்கு ஒரு மணி நேரத்துக்குச் சற்றுக் கூடுதல். ஓட்டம் சீக்கிரம் தேறிவிடும். கைதான் தேறாது. ஆலங்குளம், கடையநல்லூர் பக்கம் வீட்டு நடையில் சுளகை மடியில் வைத்து பீடி சுற்றுகிற பெண்ணின் கையைப் பார். ஊறவைத்த இலையைத் தகட்டளவுக்குக் கத்தரிக்கிறாள், தூளை விரல் நுனியால் பரப்புகிறாள், உருட்டுகிறாள், நுனியை மடக்கி மூடி நூலைச் சுற்றுகிறாள். ஓர் இலை போல இன்னோர் இலை இருப்பதில்லை, நரம்பு ஒவ்வொன்றிலும் வேறு திசையில் ஓடுகிறது. கண் டிவியில் இருக்கிறது, வாய் பக்கத்து வீட்டுக்காரியோடு பேசுகிறது, விரல் மட்டும் தப்பாமல் போகிறது. நான் இதைப் போற்றிப் பாடவில்லை. புகையிலைத் தூசியும் முதுகு வலியும் அதற்குக் கொடுக்கும் விலை. சொல்ல வருவது, நாம் சாதாரணம் என்று நினைக்கிற இந்தக் கை உலகத்துப் பொறியாளர்களுக்கு இன்னும் எட்டாத கை என்பதுதான்.

எட்டாததால் அதை நம்மிடமே வாங்க வருகிறார்கள். போர்வைக்கும் துண்டுக்கும் பேர்போன கரூரில் இன்று ஒரு புதிய வேலை நடக்கிறது. நெற்றியில் கேமரா மாட்டிக்கொண்டு இளைஞர்கள் துண்டு மடிக்கிறார்கள். எடுக்க வேண்டும், விரிக்க வேண்டும், மடிக்க வேண்டும், ஓரமாக அடுக்க வேண்டும், மறுபடி முதலிலிருந்து. கை எங்கே போயிற்று, விரல் எப்போது பிடித்தது, எப்போது விட்டது என்று அந்தப் படங்களில் குறியிட்டு வெளிநாட்டு ரோபோ கம்பெனிகளுக்கு அனுப்புகிறார்கள். மடிப்பு தவறினால் அந்தப் படம் கழிந்துவிடும், பீடிக் கடையில் சரியில்லாத பீடியைக் கழிப்பது போல. துண்டு நெய்து உலகத்துக்கு அனுப்பிய ஊர் இப்போது துண்டு மடிக்கும் கையை அனுப்புகிறது. மணிக்கணக்குக்குக் கூலி வருகிறது, நல்லது. ஆனால் அந்தக் கையிடம் கற்ற ரோபோ பத்து லட்சம் வீடுகளில் துண்டு மடிக்கும்போது, கற்றுக்கொடுத்த கைக்கு அதில் ஒரு பைசா பங்கு உண்டா? மனித உருவ ரோபோ பற்றிய கேள்விகளிலேயே எனக்குப் பெரிதாகப் படுவது இதுதான். ரோபோ என்ற சொல்லே 1920-ல் செக் எழுத்தாளர் கரேல் சாப்பெக் எழுதிய நாடகத்திலிருந்து வந்தது. ரோபோட்டா என்றால் ஆண்டைக்குச் செய்யும் கட்டாய வேலை. சோழர் கல்வெட்டுகளில் இதற்கு 'வெட்டி' என்று பெயர். செங்கோட்டையும் சேர்ந்திருந்த பழைய திருவிதாங்கூரில் 'ஊழியம்' என்றார்கள். கூலி இல்லாமல் கை வேலை வாங்குவது என்ற பழைய ஆசைதான் இப்போது இரும்பு உடம்பில் வருகிறது.

எந்திரம் வந்தால் வேலை போவது இயற்கை, யாராலும் தடுக்க முடியாது, கம்ப்யூட்டர் வந்தபோதும் இப்படித்தான் பயந்தார்கள் என்று உன் வகுப்பில் யாராவது வாதாடுவார்கள். பாதி சரி. மீதிப் பாதிக்கு நம் பீடியே சாட்சி. மத்தியக் கலால் வரியில் கையால் சுற்றிய பீடிக்கு ஒரு விகிதம், எந்திரத்தில் சுற்றிய பீடிக்கு அதைவிடக் கூடுதல் விகிதம் என்று நெடுங்காலம் வைத்திருந்தார்கள். கை வேலை பிழைத்துக் கிடந்ததில் விரலின் சாமர்த்தியத்தோடு அந்த வரிக்கும் பங்கு உண்டு. எதிர்த்திசையிலும் பார். குழிக்குள் ஆளை இறக்கி மலம் அள்ள வைப்பதை 2013-ல் சட்டம் தடைசெய்தது. சாக்கடையில் இறந்தவர் குடும்பத்துக்கு 2014-ல் 10 லட்சம் என்று சொன்ன உச்ச நீதிமன்றம் 2023-ல் அதை 30 லட்சமாக உயர்த்தியது. உயர்த்த வேண்டியிருந்தது என்பதே சாவு நிற்கவில்லை என்பதற்கு அத்தாட்சி. எந்திரம் இருந்தும், சட்டம் இருந்தும், ஒப்பந்தக்காரர் கணக்கில் மனித உடம்பு மலிவாக இருக்கும்வரை மனிதன்தான் இறங்குகிறான். எந்த வேலை எந்திரத்துக்குப் போக வேண்டும், எது மனிதனிடம் நிற்க வேண்டும் என்பதை வரி, கூலி, சட்டம், சாதி எல்லாம் சேர்ந்து எழுதுகின்றன. எந்திரம் அதில் ஒரு கையெழுத்து மட்டும் போடுகிறது.

முதியவர்கள் விஷயத்தில் என் வாதம் கொஞ்சம் தளர்கிறது, அதை மறைக்க மாட்டேன். பிள்ளைகள் சென்னையிலும் துபாயிலும் இருக்க, தெருவுக்கு நாலு வீட்டில் வயதானவர்கள் தனியாக இருக்கும் ஊர் நம்முடையது. கட்டிலிலிருந்து தூக்கி உட்கார வைக்க ஓர் எந்திரம் வந்தால் அதை வேண்டாம் என்று சொல்ல யாருக்கும் உரிமை இல்லை. 2015-ல் ஜப்பானின் ரிக்கென் ஆய்வு நிறுவனம் அப்படி ஒன்றைச் செய்தது. படுக்கையில் இருப்பவரை ஏந்தி சக்கர நாற்காலிக்கு மாற்றும். அதற்கு அவர்கள் வைத்தது கரடி முகம்! மனித முகம் இல்லாமலே தூக்கும் வேலையை அது செய்தது. 2025-ல் ஓர் அமெரிக்க-நார்வே கம்பெனி 20,000 டாலருக்கு விற்க வந்த வீட்டு ரோபோ மனித வடிவம்தான். ஆனால் தெரியாத வேலை வந்தால், தூரத்திலிருக்கும் ஒருவர் அதன் கண் வழியே உன் வீட்டைப் பார்த்து, அதன் கையை இயக்குவார். பொம்மலாட்டத்தில் திரைக்குப் பின்னால் கயிறு பிடிப்பவர் மாதிரி. அந்த ஆள் எந்த ஊரில், எந்த ராத்திரி ஷிப்டில், என்ன சம்பளத்துக்கு உட்கார்ந்திருப்பார்? நம் பக்கத்து ஊர்களில் ஒன்றாக அது இருந்தால் எனக்கு வியப்பில்லை. தூக்குவதை எந்திரத்துக்குக் கொடுக்கலாம். குற்றாலத்தில் எண்ணெய் தேய்த்துவிடுகிறவர் தோளில் கை வைத்த உடனே 'இந்தப் பக்கம் பிடிப்பு இருக்கே' என்று கேட்கிறாரே, அந்தக் கேள்வியை எதற்குக் கொடுப்பது என்று எனக்குத் தெரியவில்லை.

மெக்கட்ரானிக்ஸ் எடுத்தால் மோட்டாரும் சென்சாரும் அவர்களே சொல்லித்தருவார்கள். அதற்கு முன்னால் நான் ஒரு வீட்டுப்பாடம் தருகிறேன். எதிர் வீட்டு ஆச்சி பீடி சுற்றும்போது பக்கத்தில் ஒரு மணி நேரம் உட்கார். ஒரே ஒரு பீடியை, பார்த்தே இராத ஒருவர் படித்துவிட்டுச் செய்கிற மாதிரி, படிப்படியாக எழுது. 'நுனியை மடக்க வேண்டும்' என்று எழுதிவிட்டு நகர்ந்துவிடாதே. எந்த விரல், எந்தப் பக்கத்திலிருந்து, எவ்வளவு அழுத்தம், இலை கிழியப்போகிறது என்று ஆச்சிக்கு எப்போது தெரிகிறது என்று எழுது. கேட்டுக்கொண்டுதான் எழுத வேண்டும். ஆச்சிக்கு அதற்குள் இருநூறு பீடி தாமதமாகும், ஆகவே இலையாவது வெட்டிக்கொடு. எழுத முடியாமல் பேனா நிற்கிற இடத்திலெல்லாம் ஒரு கோடு போட்டு எனக்கு அனுப்பு.

அன்புடன்,
மாமா