"ஏற்றுக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்துமுன்

படிவம் நிரப்புவது இடம்பெயர்ந்த குடும்பங்களுக்குப் புதிய விடயமல்ல. பெயர், அடையாள அட்டை இலக்கம், குடும்ப அங்கத்தவர் தொகை, விட்டுவந்த காணியின் பரப்பு, இழந்த மாடுகள், இன்னும் வீடு திரும்பாதவர் எவர் என்றெல்லாம் எத்தனையோ தாள்களில் எழுதிக் கையொப்பமிட்டிருக்கிறோம். கீழே சிறிய எழுத்தில் என்ன இருந்தது என்று வாசித்தவர்கள் மிகக் குறைவு. வாசித்திருந்தாலும் என்ன செய்திருக்க முடியும்? ஒப்பமிடாவிட்டால் நிவாரணம் கிடையாது.

இன்று பல வீடுகளுக்குப் பிள்ளைகளின் படிப்புக்கென ஒரு கணனி வந்து சேர்ந்திருக்கிறது. வெளிநாட்டிலுள்ள உறவினர் அனுப்பிய பணத்தில் வாங்கியதாக இருக்கலாம், அல்லது எவரோ பாவித்துவிட்டுக் கொடுத்த மடிக்கணனியாக இருக்கலாம். அதனை முதன்முதலாக இயக்கும்போது திரையில் நீண்டதொரு உடன்படிக்கை தோன்றும். அதன் கீழே "அக்செப்ட்", அதாவது ஏற்றுக்கொள்கிறேன் என்ற பொத்தான் இருக்கும். அதை அழுத்தாவிட்டால் கணனி மேற்கொண்டு இயங்காது. எனவே அழுத்திவிடுகிறோம். பின்னர்தான் யோசனை வருகிறது: எதற்குச் சம்மதித்தோம்? கணனியில் போட்டு வைத்திருக்கும் காணி உறுதியின் பிரதி, பிள்ளைகளின் படங்கள், காணாமற்போனவர் பற்றி எழுதிய கடிதம் ஆகியவற்றை வேறு எவராவது பார்ப்பார்களா?

நியாயமான கேள்வி இது. எமது பகுதிகளில் பெரும்பாலான வீட்டுக் கணனிகளில் இருப்பது மைக்ரோசொப்ட் நிறுவனத்தின் விண்டோஸ் என்பதால், அதனையே உதாரணமாகக் கொண்டு இப்பாடத்தைப் படிப்போம்.

பொத்தானும் ஒரு கையொப்பமே

திரையில் அழுத்துவது உண்மையான உடன்பாடு ஆகுமா என்ற வழக்கு 1996 இல் அமெரிக்காவில் தீர்க்கப்பட்டது. அது தொலைபேசி விபரக்கொத்துகளை ஒரு தட்டில் பதிந்து விற்ற புரோசிடி என்ற நிறுவனத்தின் வழக்கு. திரையில் நிபந்தனைகளைக் கண்டபின்னும் மென்பொருளைப் பாவித்தவர் அந்நிபந்தனைகளுக்குக் கட்டுப்பட்டவரே என்று மேன்முறையீட்டு நீதிமன்றம் கூறியது. இலங்கையிலும் 2006 ஆம் ஆண்டின் 19 ஆம் இலக்க இலத்திரனியல் கொடுக்கல் வாங்கல்கள் சட்டம் கணனி வழியாகச் செய்யப்படும் ஒப்பந்தங்களை ஏற்றுக்கொள்கிறது. ஆகவே "நான் வாசிக்கவில்லை" என்று பின்னர் சொல்வது பெரிதாக உதவாது.

ஆனால் ஒரு பயத்தை இங்கேயே போக்கிவிடலாம். எதையோ அழுத்தியதால் காணி கைமாறிவிடுமோ என்று கேட்பவர்கள் இருக்கிறார்கள். மாறாது. அசையாச் சொத்தின் விற்பனையோ உரிமை மாற்றமோ, அற்றோணித் தத்துவமோ, மரண சாசனமோ அந்தச் சட்டத்தின் கீழ் வரமாட்டாது என்று சட்டமே விலக்கி வைத்துள்ளது. காணிக்கு நொத்தாரிசும் சாட்சிகளும் வேண்டும் என்ற பழைய ஒழுங்கு அப்படியே இருக்கிறது.

வாசியாமல் அழுத்துவது எம்மவரின் குறை மாத்திரமல்ல. அமெரிக்காவில் பீசி பிட்ஸ்டொப் என்ற மென்பொருள் நிறுவனம், தனது உடன்படிக்கையின் நடுவே, இதனை வாசித்து எழுதுபவருக்குப் பரிசு உண்டு என்று ஒரு வரியைச் சேர்த்து வைத்தது. மூவாயிரத்துக்கும் மேற்பட்டவர்கள் மென்பொருளை எடுத்துச் சென்றபின், நான்கு மாதம் கழித்துத்தான் ஒருவர் எழுதினார். அவருக்கு 1,000 டொலர் கிடைத்தது. இது 2005 இல் வெளிவந்த செய்தி. ஆங்கிலம் தாய்மொழியாக உள்ளவர்களே அப்படியென்றால், எமது பிள்ளைகளைக் குறைகூற நியாயமில்லை. உடன்படிக்கைகள் வாசிக்கப்படாத முறையிலேயே எழுதப்படுகின்றன என்பதே என் எண்ணம்.

இரண்டு பொத்தான்கள், இரண்டு விதம்

விண்டோஸை முதலில் ஒழுங்கு செய்யும்போது "அக்செப்ட்" என்ற சொல் இரண்டு தடவை வருகிறது. பலர் இரண்டையும் ஒன்றாகவே எண்ணுகிறார்கள். இங்கேதான் கவனம் வேண்டும்.

முதலாவது, பாவனை உரிமம் பற்றியது. இதில் பேரம் பேச இடமில்லை. ஏற்க வேண்டும், அல்லது கணனியில் வேறு மென்பொருளைப் போட வேண்டும். (லினக்ஸ் என்ற இலவச அமைப்பு உண்டு. பழைய கணனிகளிலும் நன்றாக ஓடும். ஆனால் பாடசாலைப் பயிற்சிகள் சில விண்டோஸையே கேட்கும். ஆகவே பிள்ளையின் ஆசிரியரைக் கேட்டுவிட்டு முடிவுசெய்க.)

இரண்டாவது, சிறிது நேரம் கழித்து வரும் தனியுரிமைப் பக்கம். நீங்கள் இருக்கும் இடத்தை அறிதல், கணனியின் இயக்கம் பற்றிய விபரங்களை அனுப்புதல், தட்டச்சுச் செய்வதை அனுப்புதல், விளம்பரத்துக்கென உங்களுக்கு ஓர் இலக்கம் வழங்குதல் முதலியன அதில் இருக்கும். வழமையாக எல்லாவற்றுக்கும் "ஆம்" என்று ஏற்கெனவே போடப்பட்டிருக்கும். ஒவ்வொன்றையும் "இல்லை" என்று மாற்றிய பின்னரும் அதே பொத்தானை அழுத்தலாம். கணனி முன்போலவே இயங்கும். பேரம் பேச இடமுள்ள பக்கம் இதுதான். அதனையும் முதலாவதைப் போலக் கண்ணை மூடி அழுத்துவதே பெரும்பாலும் நடக்கிறது.

இவற்றுள் இயக்க விபரம் என்பதை மட்டும் சற்று விளக்க வேண்டும். அதில் இரண்டு படி உண்டு. கட்டாயமான படியில், கணனி எவ்வகையானது, ஒழுங்காக வேலை செய்கிறதா போன்ற விபரங்கள் போகும். வீட்டுப் பாவனைக்கான விண்டோஸில் இதனை நிறுத்த முடியாது. விருப்பத்துக்குரிய படியிலோ, மைக்ரோசொப்டின் உலாவியில் பார்த்த இணையப் பக்கங்கள், பாவித்த மென்பொருட்கள் பற்றிய விபரமும் சேரும். மேலும் ஒரு மென்பொருள் இடைநடுவில் நின்றுபோனால், அவ்வேளை கணனியின் ஞாபகத்தில் இருந்ததும் அறிக்கையோடு அனுப்பப்படலாம். நீங்கள் திறந்து வைத்திருந்த பத்திரத்தின் சில பகுதிகள் தற்செயலாக அதில் அகப்படக்கூடும் என்று அந்நிறுவனமே எழுதியிருக்கிறது. இந்த இரண்டாம் படியை நிறுத்துங்கள். அதனால் நீங்கள் இழப்பது ஒன்றுமில்லை.

வெறும் சந்தேகத்தினால் எழுந்த பேச்சல்ல இது. விண்டோஸ் 10 வெளிவந்தது 2015 இல். 2016 யூலையில் பிரான்சின் தரவுப் பாதுகாப்பு அதிகாரசபை, தேவைக்கு அதிகமாக விபரம் சேர்க்கிறது என்று மைக்ரோசொப்டுக்கு எச்சரிக்கை அறிவித்தல் கொடுத்தது. நிறுவனம் திருத்தங்கள் செய்தபின் 2017 இல் அது முடித்துக்கொள்ளப்பட்டது. அதே 2017 ஒக்டோபரில் நெதர்லாந்தின் அதிகாரசபையும், எவ்விபரம் எதற்காக எடுக்கப்படுகிறது என்று மக்களுக்குத் தெளிவாகச் சொல்லாததால் அந்நாட்டுச் சட்டம் மீறப்பட்டது என்று கண்டது. தெரியாமல் அழுத்தியது உண்மையான சம்மதமாகாது என்பதே அங்கு எடுக்கப்பட்ட நிலைப்பாடு.

ஏற்கெனவே அழுத்தியவர்கள் கவலைப்பட வேண்டாம். "செற்றிங்ஸ்" பகுதியில் "பிரைவசி" என்ற சொல்லுள்ள இடத்தைத் திறந்தால் இவை எல்லாம் அங்கே இருக்கும். எப்போதும் மாற்றலாம். அனுப்பப்பட்ட இயக்க விபரங்களை அழிக்கும்படி கேட்கும் பொத்தானும் அங்கேயே உண்டு.

கணக்கு எவருடையது?

என்னைக் கேட்டால், எமது குடும்பங்களுக்கு மேற்சொன்னவற்றிலும் முக்கியமானது இதுதான். பல வீடுகளில் அந்தப் பொத்தானை அழுத்தியவர் வீட்டுக்காரரே அல்ல, கணனி விற்ற கடைத் தம்பி! நேரத்தை மிச்சப்படுத்த அவர் தனது மின்னஞ்சலைக் கொடுத்தே கணனியை ஒழுங்கு செய்து தந்திருப்பார். கெட்ட நோக்கம் எதுவும் இருக்க வேண்டியதில்லை. ஆனால் விளைவு பாரதூரமானது.

விண்டோஸில் வன்ட்ரைவ் என்றொரு வசதி இருக்கிறது. மைக்ரோசொப்ட் கணக்கோடு ஒழுங்கு செய்த புதிய கணனிகளில், முகப்புத் திரை, "டொகியூமன்ட்ஸ்", "பிக்சர்ஸ்" ஆகிய இடங்களில் நீங்கள் வைப்பவற்றின் பிரதி பெரும்பாலும் தானாகவே இணையத்திலுள்ள களஞ்சியத்துக்குப் போய்விடும். இலவச இடம் 5 ஜிகாபைற். கணக்கு கடைக்காரருடையது என்றால், உங்கள் உறுதியின் பிரதியும் அவருடைய களஞ்சியத்தில்தான் இருக்கும்.

இன்னொன்று, விண்டோஸ் 11 இன் 2024 ஆம் ஆண்டுப் பதிப்பு முதல், இவ்வாறு ஒழுங்கு செய்யும் கணனிகளில் உள்ளவை யாவும் பூட்டப்படுகின்றன. திருட்டுப் போனால் இது பாதுகாப்பே. ஆனால் பழுது ஏற்பட்டால் 48 இலக்கங்கள் கொண்ட மீட்புத் திறப்பைக் கணனி கேட்கும். அந்தத் திறப்பு, கணக்கு எவருடையதோ அவரிடமே இருக்கும். கடை மூடப்பட்டுவிட்டால் உங்கள் பத்திரங்களும் போயிற்று.

இதற்காக இணையக் களஞ்சியமே வேண்டாம் என்று சொல்ல மனம் வரவில்லை. ஷெல் விழுந்த இரவில் உறுதியை அலுமாரியில் விட்டு ஓடியவர்களும், தண்ணீருக்குள் பையோடு தவறவிட்டவர்களும் எம்மிடையே இருக்கிறார்கள். ஒரு பிரதி வேறிடத்தில் இருந்திருந்தால் பிரதேச செயலகத்துக்கும் காணிப் பதிவகத்துக்கும் அலைந்த வருடங்கள் மிச்சமாகியிருக்கும். பத்திரம் பிறர் கையில் அகப்படுவது ஓர் ஆபத்து, ஒரு பிரதியும் இல்லாமற் போவது மற்றோர் ஆபத்து. களஞ்சியம் இருக்கட்டும், ஆனால் அதன் கணக்கு குடும்பத்தவர் ஒருவரின் பெயரில், குடும்பம் அறிந்த கடவுச்சொல்லோடு இருக்கட்டும். மீட்புத் திறப்பைத் தாளில் எழுதி, உறுதி வைத்திருக்கும் பெட்டிக்குள்ளேயே வையுங்கள். கணனி வாங்கும்போது, "தம்பி, கணக்கு மட்டும் நாங்கள் போடுகிறோம்" என்று சொன்னால் போதும்.

வன்ட்ரைவை நிறுத்த விரும்புவோர் முதலில் எல்லாவற்றையும் ஒரு பென்ட்ரைவில் பிரதி எடுங்கள். நிறுத்தியதும் முகப்புத் திரை வெறுமையாகத் தோன்றக்கூடும். கோப்புகள் வன்ட்ரைவ் கோப்புறைக்குள் இருக்கும். பயந்து அங்கிருந்து அழித்துவிட்டால் இரண்டு இடத்திலும் அழிந்துவிடும், 30 நாட்களுக்குள்தான் மீட்கலாம்.

பிறருடைய பெயர்கள்

கிராம அபிவிருத்திச் சங்கத்தின் அல்லது மாதர் சங்கத்தின் செயலாளரது வீட்டுக் கணனியில் வேறொரு பாரமும் உண்டு. பயனாளிகள் பட்டியல், விதவைகளின் விபரம், காணாமற்போனோரின் உறவினர் பெயர்கள், அடையாள அட்டை இலக்கங்கள் எல்லாம் அதில் இருக்கும். அவர் ஒரு பொத்தானை அழுத்தும்போது தனக்காக மட்டுமல்ல, அந்த நூறு வீடுகளுக்காகவும் அழுத்துகிறார். அவர்களில் ஒருவரும் அவரிடம் சம்மதம் கொடுக்கவில்லை. பட்டியல் ஒன்றில் பெயர் இருந்ததால் என்ன நேர்ந்தது என்பதை எமது மக்களுக்கு விளக்கத் தேவையில்லை.

2022 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்க தனிப்பட்ட தரவுப் பாதுகாப்புச் சட்டம் இலங்கையில் நிறைவேற்றப்பட்டுள்ளது. 2025 மார்ச்சில் நடைமுறைக்கு வரவேண்டியிருந்த அதன் முக்கிய பகுதிகள் பின்போடப்பட்டன. சொந்த வீட்டுத் தேவைக்கு ஒருவர் வைத்திருக்கும் விபரங்களுக்கு இச்சட்டம் பொருந்தாது. சங்கத்தின் பட்டியல் வீட்டுத் தேவைக்கானதல்ல என்பதைச் செயலாளர்கள் கவனிக்க வேண்டும்.

சட்டம் வரும்வரை காத்திராமல் செய்யக்கூடியது எளிது. பட்டியலைக் கணனியின் "டொகியூமன்ட்ஸ்" இலோ முகப்பிலோ வைக்காமல், கடவுச்சொல் இட்ட கோப்பாகப் பென்ட்ரைவில் வைத்து, அதனைச் சங்கத்தின் கணக்குப் புத்தகங்களோடு பூட்டி வையுங்கள். வேலை முடிந்த பழைய பட்டியல்களை அழித்துவிடுங்கள். கொமினிகேஷன் கடையில் ஸ்கான் செய்தால், அக்கடைக் கணனியிலுள்ள பிரதியை அங்கேயே அழிக்கச் சொல்லிப் பார்த்துக்கொண்டு வாருங்கள்.

அடுத்த சங்கக் கூட்டத்தில் அரை மணித்தியாலம் ஒதுக்கி, கணனியுள்ள ஒரு பிள்ளையை அழைத்துத் தனியுரிமைப் பக்கத்தை எல்லோர் முன்னிலையிலும் திறந்து பாருங்கள். எவை "ஆம்" என்று இருக்கின்றன, கணனியில் உள்ள கணக்கு எவரது பெயரில் இருக்கிறது, மீட்புத் திறப்பு எங்கே இருக்கிறது என்று கேளுங்கள். அதன்பின் செயலாளரின் கணனியையும் அவ்வாறே பாருங்கள்.